ஐயரம்மா எடுத்த பாட்டு

என் வீட்டுக்காரர் பாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். பாடுகிறவர் இல்லை, ஆராய்ச்சி மட்டும். வேதத்தில் யார் எங்கே எதற்காகப் பாடினார்கள், எத்தனை நரம்பு கட்டிய கருவியை மீட்டினார்கள், எக்காளம் ஊதுகிற உரிமை எந்தக் கோத்திரத்துக்கு, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எபிரேயத்தைத் தினத்தந்தி வாசிக்கிற வேகத்தில் வாசிப்பார். ரேஷன் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவார். பெயர் ஞானசிகாமணி. மதுரையில் ஓர் இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு சொல்லிக்கொடுத்தார். நான் ஜெபராணி, போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த அய்யாத்துரையின் மூத்த மகள்.

அவர் கண்டுபிடித்த பெரிய விஷயம் இதுதான்: கடவுளுக்கு இனிமை வேண்டாம், சத்தம்தான் வேண்டும். பாடச் சொல்லி வருகிற பல இடங்களில் எபிரேயத்தில் இருப்பது போர்க்களத்தில் போடுகிற கூச்சலுக்கான சொல்லாம். நல்ல குரல் உள்ளவன் மட்டும் பாடு, மற்றவன் சும்மா இரு என்று வேதத்தில் எங்குமே கிடையாதாம். இதைச் சொல்வதற்கு அவரை வேலூருக்குக் கூப்பிட்டார்கள், பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள், ஒரு தடவை சிலோனுக்குக்கூடக் கூப்பிட்டார்கள். போய்ச் சொல்லிவிட்டு, சால்வையோடு திரும்பி வருவார்.

அப்பேர்ப்பட்டவரின் மனைவியாகிய நான் பதினொரு வருடம் கோயிலில் வாய்விட்டுப் பாடியதில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன். சொன்னது அவர்தான்.

எங்கள் அப்பா கடையில் நின்று கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் மூட்டை ஏற்றுகிறவன் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரல் எனக்கு அப்படியே வந்திருக்கிறது. சுதி வரவில்லை. சுதி என்று ஒன்று இருப்பதே கல்யாணம் ஆகும் வரை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு ஜெபத்தில் ஆளுக்கொரு கட்டையில் ஆரம்பிப்போம், முடிக்கும்போது மட்டும் ஒன்றாக முடிப்போம், ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவோம். யாரும் யாரையும் குறை சொன்னதில்லை.

அறுபத்தாறில் கல்யாணம். கல்லூரிக் கோயிலில் முதல் ஞாயிறு, புதுப்பெண் உற்சாகத்தில் இரண்டு வரி பாடியிருப்பேன். முன்வரிசையில் இருந்த பிரின்ஸ்பாலின் மனைவி என்னவோ கண்ணாடிப் பாத்திரம் உடைந்ததுபோல் திரும்பிப் பார்த்தார். இவர் என் முழங்கையைத் தொட்டு, "புது இடம் ஜெபராணி. கொஞ்ச நாளைக்கு உதட்டை மட்டும் அசையேன்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் பதினொரு வருடம் ஆனது. நடுவில் கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு காரணம் வந்தது. உன் தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்பார். இங்கே நான்கு குரலில் பாடுவார்கள், உனக்குப் பழக்கம் இல்லை என்பார். உன் குரல் சகிக்கவில்லை என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. அவ்வளவு நாகரிகம்.

நான் என்ன, புரியாதவளா? புரிந்தது. புரிந்துவிட்டால் ஆசை போய்விடும் என்று நினைத்தேன், அதுதான் போகவில்லை. கோயிலில், எல்லோருக்கும் நடுவில், அடிவயிற்றிலிருந்து பாட வேண்டும். அவர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும், என் முழங்கையைத் தொடக் கூடாது. எனக்கு வேண்டியது இவ்வளவுதான். கடவுளிடம் வீடு கேட்டேன், கொடுத்தார். மகள் கேட்டேன், கொடுத்தார். இதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எழுபத்தேழில் அவர் புத்தகம் எழுதுவதற்காகக் கல்லூரியில் ஒரு வருடம் விடுப்புக் கேட்டார். சும்மா விடுவார்களா? கம்பம் பள்ளத்தாக்கில் சுற்றி ஜனங்களின் பாட்டைச் சேகரித்துக்கொள், அப்படியே ஐயர் இல்லாமல் கிடக்கிற சின்னமனூர் சபையையும் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்பது வழக்கம், அவர் மனைவி ஐயரம்மா. மகளைப் பள்ளி விடுதியில் விட்டுவிட்டு, பேராசிரியரின் மனைவியாக மதுரையில் பஸ் ஏறினவள் சின்னமனூரில் ஐயரம்மாவாக இறங்கினேன்.

ஐயர் வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு ரைஸ் மில். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. எனக்கு அது பெரிய வரப்பிரசாதமாக இருந்தது. மில் ஓட ஆரம்பித்ததும் நானும் ஆரம்பிப்பேன். தெரிந்த கீர்த்தனை அத்தனையும் துவைக்கிற கல்லில் துணியோடு சேர்ந்து அடி வாங்கும். ஒரு நாள் நடுச்சரணத்தில் கரண்ட் போய்விட்டது. மில் நின்றது, நான் நிற்கவில்லை. மில்லில் தவிடு அள்ளுகிற மூக்கம்மாளும் இன்னும் இரண்டு பேரும் சுவரேறிக் குதித்து ஓடி வந்தார்கள். "என்னாத்தா ஆச்சு, பாம்பு கீம்பு கடிச்சிருச்சா" என்றாள் மூக்கம்மாள். கடிக்கவில்லை, சுவர்ப் பக்கம் போய்விட்டது என்று காட்டினேன். கம்பை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் தேடினார்கள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆர்மோனியம் சுதி கொடுத்ததும் பாட்டை ஐயரம்மாதான் எடுத்துக்கொடுக்க வேண்டும். பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் நின்று முதல் வரியை அவர் தனியாகப் பாடுவார், பிறகுதான் சபை சேரும். ஐயரம்மா ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டைப் பாடாமல் செய்யுள் மாதிரி வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்களாம். இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு. ஆர்மோனியத்தில் வைகுண்டராஜ். மெயின் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார், சபையின் பாட்டுக்கு அவர்தான் பொறுப்பு. சுதி கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். சபை முழுக்க என்னைப் பார்த்தது. பீடத்தில் நின்ற என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார், ஜெபத்தில் இல்லை, பயத்தில். நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன், உதட்டை அசைத்தேன். முதல் வரி அழகாக வந்தது.

பாடினது எனக்கு நேர் பின்னால் நின்ற சாராள். பிளவுஸ் தைக்கிறவள், ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள். புது ஐயரம்மா சபையைக் கண்டு நடுங்கி நிற்கிறார் என்று பாவப்பட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நான் ஆள் கொஞ்சம் அகலம். எனக்குப் பின்னால் சாராள் நின்றால் ஆண்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு முடிகூடத் தெரியாது. அவர்கள் பார்த்தது என் வாயை, கேட்டது அவள் குரலை. ஆராதனை முடிந்ததும் வைகுண்டராஜ் கைகூப்பிக்கொண்டு வந்தார். இந்தக் கோயில் கட்டின நாளிலிருந்து இப்படி ஒரு குரல் இங்கே கேட்டதில்லை என்றார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல நல்ல இடம், நல்ல நேரம், அங்கியும் போட்டிருந்தார்.

"எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்றார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சாராள் பாட, நான் வாயசைக்க, ஆண்கள் பக்கம் உருக, இவர் கிருபையைச் சொல்லிப் பாராட்டை வாங்கிக்கொண்டார். பெண்கள் பக்கம் எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஒருத்தியாவது வீட்டில் போய் மூச்சு விட்டாளா? இல்லை. ஆண்களுக்குத் தெரியாத ஒன்று கையில் இருக்கிற சந்தோஷத்தை அவர்கள் விடத் தயாராக இல்லை.

ஒரு நாள் அளவு கொடுக்கப் போனபோது சாராள் கேட்டுவிட்டாள், ஏன் பாட மாட்டேன் என்கிறீர்கள் என்று. வீட்டுக்காரர் உத்தரவு என்றேன். அவள் வாயில் கடித்திருந்த ஊசியை எடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரக உசுரோட இருந்தவரைக்கும் என்னைய மிஷின்ல உக்காரவிடல. அவுக போனப்புறந்தான் தைக்கிறேன். நீங்களும் அம்புட்டு நாள் காத்திருக்கணுமா, ஐயரம்மா?"

சிரித்தேன். அன்று சாயங்காலம் வரை அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இதற்கிடையில் இவர் டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடலூர் வரை சுற்றினார். நாற்று நடுகிற பாட்டு, திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவன் முனகுகிற கீர்த்தனை, எதையும் விடவில்லை. நாய்க்குப் பேர்போன கோம்பையில் எடுத்ததில் பாதிக்குமேல் நாய் குரைப்பதுதான் இருந்தது. அந்தக் குரைப்புக்கு நடுவில் புல் அறுக்கிற ஒரு கிழவியின் பாட்டு. ஊரிலிருந்து வந்ததும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அதைப் போட்டுக் காட்டினார். எனக்கே தெரிந்தது, அந்தம்மாவின் சுதி என் சுதியைவிடக் கேவலம். ஒரு வரியை நாலு கட்டையில் பாடுகிறாள். இவருக்குக் கண்ணில் தண்ணீர். "என்ன உண்மை பார்த்தியா ஜெபராணி, இதுதான் சபையின் குரல்" என்றார். அந்தக் கிழவியைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதினார். நான் எழுந்து போய் உலையில் அரிசி போட்டேன். அன்றைக்கு மாதிரி எனக்கு யார்மேலும் பொறாமை வந்ததில்லை. பெயர்கூடத் தெரியாத ஒரு கோம்பைக் கிழவிமேல்.

கிழவியோடு நிறுத்தியிருக்கலாம். கல்லூரிப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். சின்னமனூர் சபையில் ஐயரம்மா பாட்டெடுக்கிற வழக்கத்தை விளக்கிவிட்டு, தம் சொந்த வீட்டிலிருந்தே இதற்குச் சாட்சி உண்டு என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அது பொய்யில்லையாம், நான் பாடுவதாக அவர் எங்கும் எழுதவில்லையாம். படித்த மனிதர்கள் இப்படித்தான் பிழைக்கிறார்கள்.

கட்டுரை பிஷப் கைக்குப் போனது. ஜூன் முதல் ஞாயிறு தாமே வருவதாகச் சொல்லி அனுப்பினார். அந்தக் குரலைக் கேட்க வேண்டுமாம். கல்லூரியிலிருந்தும் நாலைந்து பேர் வருவதாக ஏற்பாடு. சபை அதற்குப் பாட்டு ஞாயிறு என்று பெயர் வைத்து, ஆடு பேசி, பந்தல் போட்டு, மைக் செட்டுக்கும் சொல்லிவிட்டது.

மைக் செட்டில்தான் மாட்டிக்கொண்டோம். சனிக்கிழமை உத்தமபாளையத்திலிருந்து ஜெய்லானி வந்து இறங்கினார், அந்தப் பக்கத்தில் கந்தூரியோ கல்யாணமோ எதுவானாலும் அவர் செட்டுதான். கோயில் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைப் பஜாரைப் பார்த்துக் கட்டினார். வைகுண்டராஜ் ஒரு மைக்கைக் கொண்டுவந்து என் பெஞ்சுக்கு முன்னால், என் வாய்க்கு நேராக நிறுத்தினார். பெண் குரல், மெல்லிசான குரல், சவுண்டை நன்றாகத் தூக்கி வையுங்கள் என்று ஜெய்லானியிடம் சொன்னதும் அவர்தான். ஜெய்லானி என்னை ஒரு வரி பாடச் சொன்னார், அளவு வைத்துக்கொள்ளலாம் என்று. தொண்டை சரியில்லை என்றேன். சரி என்று அவரே ஒரு குத்துமதிப்பாகத் திருகி வைத்துவிட்டுப் போனார்.

இப்போது சாராளால் ஒன்றும் செய்ய முடியாது. மைக் என் வாயைத்தான் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் இவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சாராளை முன்னால் நிறுத்திவிடுங்கள், கதை முடிந்தது என்றேன். அது எப்படி, இத்தனை நாள் பாடினது யார் என்று பிஷப் கேட்க மாட்டாரா என்றார். கேட்டால் சொல்லுங்கள் என்றேன். அவர் இன்னும் இரண்டு சுற்று நடந்தார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். எனக்குத் தொண்டை கட்டிவிட்டதாக வைகுண்டராஜ் அறிவித்துவிடுவார், நான் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். சிலோனில் கொடுத்த மப்ளர் அது, சிவப்புக் கலர். தாமே தேடி எடுத்துக் கொடுத்தார். ரேஷன் கார்டு கிடைக்காது, இது கிடைக்கும்.

நான் சுற்றிக்கொண்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய வீராங்கனையாக ஒன்றும் நான் கோயிலுக்குப் போகவில்லை. பதினொரு வருடப் பழக்கம், ஒரு ஞாயிறு கூடினால் என்ன என்றுதான் போனேன்.

கோயில் நிறைந்து வாசலில் நின்றார்கள். மேகமலைப் பக்கமிருந்து காற்று ஆரம்பித்திருந்தது, பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. இவர் பிரசங்கத்துக்கு ஏறினார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகப் பேசுவார். எபிரேயச் சொல்லைச் சொன்னார், போர்க்களத்தைச் சொன்னார், கோம்பைக் கிழவியைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"உன் குரல் நல்லாயில்ல, நீ பாடாதேன்னு ஒருத்தருடைய வாயை அடைக்கிறவன் யாரு? அவன் அந்த மனுஷருக்கு மட்டும் துரோகம் பண்ணல. கடவுளுக்குச் சேர வேண்டிய சத்தத்தைத் திருடுறான்."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. கலங்கின கண்ணோடு நேராக என்னைப் பார்த்தார். என் கழுத்தில் மப்ளர், நெற்றியில் வியர்வை. அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். மனுஷன் உண்மையாகவே உருகிக்கொண்டிருந்தார், உலகத்தில் யார் யார் வாயையோ யார் யாரோ அடைத்துவிட்டார்கள் என்று. எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

பிரசங்கம் முடிந்து சபை எழுந்தது. வைகுண்டராஜ் அறிவிப்புச் சொல்ல எழுந்து தொண்டையைச் செருமினார். நான் மப்ளரைக் கழற்றி பெஞ்சில் போட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது, ஐயரம்மாவுக்குச் சுகமாகிவிட்டது என்று உட்கார்ந்து ஆனந்தமாகச் சுதி கொடுத்தார். நான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாட்டை எடுத்தேன்.

மெல்லிசான குரலுக்கென்று தூக்கி வைத்த சவுண்டு. போடி பஜார்க் குரல். முதல் சொல்லிலேயே கூரையிலிருந்த புறாவெல்லாம் கிளம்பிவிட்டது. ஜெய்லானி பெட்டியை நோக்கி ஓடினார். வெளியே காய்கறிச் சந்தையில் வியாபாரம் நின்றுபோனதாகப் பிற்பாடு சொன்னார்கள், யாரோ செத்துவிட்டார்கள் என்று இரண்டு பேர் மாலை வாங்கப் போனார்களாம். வைகுண்டராஜ் என் சுதியைப் பிடிக்க ஆர்மோனியத்தில் மேலும் கீழும் துழாவினார். கிடைக்கவில்லை. நான் நின்ற இடம் இரண்டு கட்டைக்கு நடுவில் இருந்தது, அங்கே கட்டை கிடையாது.

சபை சேர வேண்டிய இடம் வந்தது. யாருக்கும் எங்கே சேர்வதென்று தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்து சாராள், மைக் இல்லாமல், சரியான சுதியில், நிதானமாகப் பாட ஆரம்பித்தாள். ஆண்கள் பக்கம் மொத்தமும் தலையைச் சாய்த்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு முகத்திலும் கணக்குப் புரிகிற நேரத்தைப் பார்த்தேன். வைகுண்டராஜின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அவர் பாராட்டிய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவருக்கு வரிசையாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

நான் நிறுத்தவில்லை. எங்கள் சபைகளில் இரண்டு சரணம் பாடிவிட்டு உட்காருவதுதான் நடப்பு. நான் ஐந்தையும் பாடினேன். பீடத்தில் அவர் சுவரோடு சுவராக நின்றார்.

விருந்தில் பிஷப் என்னிடம் வந்து, கறியை மென்றுகொண்டே ஒரு சொல்லைத் தேடினார். ரொம்ப நேரம் தேடி, "நல்ல பலம்மா" என்றார்.

என் வீட்டுக்காரர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்து, ஏன் அப்படிச் செய்தாய் என்றார். நீங்கள் சொன்னீர்களே என்றேன். நான் எப்போது சொன்னேன் என்றார். பிரசங்கத்தில் என்றேன். சோற்றைப் பிசைந்தார். அந்தக் கட்டுரைக்குத் திருத்தம் எழுதுகிறேன் என்றார் கடைசியில். எழுதியும் அனுப்பினார். அதில் சாராளின் பெயர் இருந்தது, என்னைப் பற்றி ஒன்றும் இல்லை.

வைகுண்டராஜ் சாராளை முன்பெஞ்சுக்குக் கொண்டுவந்து பாட்டெடுக்கச் சொன்னார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அது அவளுக்கே உரியது. எனக்கு வேண்டியது பாட்டெடுப்பது இல்லை, பாடுவது. மைக் இல்லாமல், என் பெஞ்சில் நின்று, மற்றவர்களோடு சேர்ந்து பாடினேன். அடுத்த ஞாயிறும் பாடினேன். அதற்கடுத்ததும். இவர் என் முழங்கைக்கு எட்டாத தூரத்தில் பீடத்தில் நின்றதால் வசதியாகப் போயிற்று.

நாலாவது வாரம் புதன்கிழமை காலையில் சபையிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். வைகுண்டராஜ் தலைமை. பெண்கள் பக்கமிருந்து பாண்டியம்மாள், கைக்குழந்தையோடு. எனக்காக ஆண்டு முழுதும் ரகசியம் காத்தவர்களில் ஒருத்தி அவள். சாராள் வரவில்லை. நான் அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன், முன்னறையில் பேசுவது அப்படியே கேட்டது.

வைகுண்டராஜ் சுற்றி வளைத்து வந்தார். ஐயரம்மாமேல் எல்லோருக்கும் மரியாதை. ஆனால் பாட்டு ஒரு பக்கம் போக, சபை ஒரு பக்கம் போகிறது. ஆர்மோனியத்தை விட்டுவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றுகிறதாம். பாண்டியம்மாள் தன் குழந்தை ஒவ்வொரு பாட்டுக்கும் தூக்கிவாரிப்போட்டு அழுவதைச் சொன்னாள். பிறகு வைகுண்டராஜ் விஷயத்துக்கு வந்தார்.

"ஆண்டவர் இருதயத்தப் பாக்கிறவருதானுங்களே ஐயா. ஐயரம்மா மனசுக்குள்ளயே பாடுனாக்கூட அவருக்குக் கேக்கும். முன்ன மாதிரி உதட்ட மட்டும் அசைச்சாகன்னா, அவுகளுக்கும் நல்லது, சபைக்கும் நல்லது."

நான் காப்பியை அப்படியே கீழே வைத்தேன். இவ்வளவு சுலபமான வழியை என் வீட்டுக்காரருக்கு யாரும் இதுவரை கொடுத்ததில்லை. சபையே கேட்கிறது, நான் என்ன செய்ய என்று உள்ளே வந்து சொல்லிவிடலாம். நானும் எதிர்த்துப் பேச முடியாது. பதினொரு வருடம் ஒருவருக்காக அசைத்த உதட்டை ஒரு சபைக்காக அசைக்க மாட்டாயா என்பார். திரும்பவும் ரைஸ் மில்தான். அவர் எபிரேயத்தில் ஆரம்பிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். ஆரம்பிக்கவில்லை. பாண்டியம்மாளின் குழந்தை சிணுங்கியது.

"அவ பாடுறது எனக்கும்தான் கஷ்டமா இருக்கு" என்றார். "உங்களுக்கு நாலு வாரமா இருக்கு. எனக்குக் கல்யாணமான முதல் ஞாயிறே தெரியும். வாயை அடைச்சு வச்சுட்டு, பதினொரு வருஷம் நான் நிம்மதியா இருந்தேன். ஊரெல்லாம் போய்ப் பேசினேன். போதும். அவ பாடுவா. தாங்க முடியலன்னா நீங்க எல்லாரும் அவளைவிடச் சத்தமாப் பாடுங்க."

வைகுண்டராஜ் எழுந்தார். காப்பி குடிக்காமலே போனார்கள். பாண்டியம்மாள் மட்டும் வாசலில் திரும்பி, அடுப்படிப் பக்கம் பார்த்து, வர்றேன் ஐயரம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் முன்னறைக்கு வந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். உண்மையாகவே அவ்வளவு கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"ரொம்ப" என்றார், யோசிக்காமல்.

என் குரலைப் பற்றி என் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன முதல் உண்மை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய் எழுந்து, அவ்வளவு மோசம் என்று சொல்ல முடியாது, தாழ்ந்த சுரங்களில் பரவாயில்லை என்று மாற்றிச் சொல்லப் பார்த்தார்.

வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.